மின்சார டிராக்டரின் பேட்டரியில் வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாமா? (விவாத இழை)

வரப்போரம்:

எல்லோருக்கும் வணக்கம். புல் வெட்டவும் சின்ன டிரெய்லர் இழுக்கவும் ஒரு மின்சார டிராக்டர் வைத்திருக்கிறேன். 36 வோல்ட் வண்டி. 6 வோல்ட் பேட்டரிகள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தது. ஒவ்வொன்றும் 225 ஆம்பியர்-அவர். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் ஈய-அமில வகை.

காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் கரண்ட் போய்விடுகிறது. திரும்பி வர அரை நாள் ஆகும், சில நேரம் முழு நாள் ஆகும். அவ்வளவு நேரமும் இந்த வண்டி முழு சார்ஜோடு ஷெட்டில் நிற்கிறது. இதிலிருந்து வீட்டுக்குக் கொஞ்சம் கரண்ட் எடுத்தால் என்ன என்று தோன்றியது.

எனக்கு வேண்டியது ஃப்ரிட்ஜ், ஐந்து எல்இடி விளக்கு, கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, வைஃபை ரௌட்டர், அப்புறம் இரவில் அம்மா போட்டுக்கொண்டு தூங்கும் சீபேப் சுவாசக் கருவி. முடிந்தால் கிணற்று மோட்டாரும் ஓட வேண்டும், 1 எச்பி.

கையில் ஏற்கெனவே 1000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது, 12 வோல்ட்டில் ஓடுவது. ஆறு பேட்டரியில் முதல் இரண்டிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து அதை மாட்டிவிடலாம் என்பது என் யோசனை. இதில் என்ன சிக்கல் வரும்?

சுடர்க்கொடி:

நல்ல யோசனைதானே. ஆறையும் தொட வேண்டாம், வண்டியின் வயரிங்கைக் கலைக்க வேண்டாம். நானும் இந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

ஈயத்தட்டு:

வரப்போரம், வண்டியை வீட்டுக்குப் பயன்படுத்தலாம், தாராளமாக. ஆனால் இரண்டிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் அந்த வழி வேண்டாம். அது பேட்டரியைக் கொன்றுவிடும். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

தொடரில் இருக்கும் ஆறு பேட்டரிக்குள்ளும் எப்போதும் ஒரே கரண்ட்தான் போகும். ஆறும் சமமாக இறங்கி சமமாக ஏற வேண்டும், அதுதான் அந்த அமைப்பு நீடிப்பதற்கான அடிப்படை. நீங்கள் முதல் இரண்டிலிருந்து மட்டும் ஓர் இரவு முழுக்க எடுத்தால் அவை பாதிக்குக் கீழே போயிருக்கும், மற்ற நான்கும் நிறைந்தே இருக்கும். காலையில் கரண்ட் வந்ததும் 36 வோல்ட் சார்ஜரைப் போடுவீர்கள். சார்ஜருக்கு ஆறின் மொத்த வோல்ட்டேஜ்தான் தெரியும். நிறைந்திருக்கும் நான்கும் சீக்கிரமே உச்சத்துக்குப் போய் கொதிக்கும், தண்ணீரை இழக்கும். மொத்த வோல்ட்டேஜ் ஏறிவிட்டதே என்று சார்ஜர் கரண்ட்டைக் குறைத்துவிடும். காலியான இரண்டும் அரைகுறையாகவே நிற்கும்.

அடுத்த முறை புல் வெட்டப் போகும்போது அந்த இரண்டும் முதலில் தீர்ந்துபோகும். மற்ற நான்கில் இன்னும் சக்தி இருப்பதால் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தீர்ந்துபோன செல்களுக்குள் கரண்ட் வலுக்கட்டாயமாகத் தள்ளப்பட்டு, அவற்றின் முனைகளே தலைகீழாகிவிடும். அப்படிப் புரண்ட செல் பழைய நிலைக்குத் திரும்புவது அபூர்வம். இரண்டு போனால் பிறகு ஆறையும் மாற்ற வேண்டியதுதான், ஏனென்றால் பழையதோடு புதியதைத் தொடரில் போட்டால் இதே கதை மறுபடி தொடங்கும்.

சுடர்க்கொடி:

ஓ, சார்ஜர் மொத்தத்தைத்தான் பார்க்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்றை 36-ல் மாட்டினால்? கொஞ்சம்தானே அதிகம்.

ஈயத்தட்டு:

கொஞ்சம் இல்லை சுடர்க்கொடி. 36 வோல்ட் என்பது பெயருக்குத்தான். நிறைந்து ஓய்ந்திருக்கும்போது இந்த ஆறும் சேர்ந்து 38.2 வோல்ட் காட்டும், சார்ஜ் ஏறும்போது 44 வோல்ட் வரை போகும். 24 வோல்ட் இன்வெர்ட்டர்கள் பொதுவாக 30 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டினாலே நின்றுவிடும், தாங்காதது எரிந்துபோகும். 48 வோல்ட் இன்வெர்ட்டரோ மறுபக்கம், பேட்டரி காலி என்று நினைத்துத் தொடங்கவே தொடங்காது.

36 வோல்ட்டுக்கென்றே செய்த இன்வெர்ட்டர் இருக்கிறது. கோல்ஃப் வண்டிகளில் 36 வோல்ட் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பதால் அவற்றுக்காகச் செய்கிறார்கள். 12, 24, 48 அளவுக்கு வகைகள் கிடைக்காது, தேட வேண்டும். ஆனால் சரியான வழி அதுதான்: ஆறிலிருந்தும் ஒன்றாக எடுக்க வேண்டும்.

செம்புக்கம்பி:

ஈயத்தட்டு அண்ணன் சொன்னதோடு வயர் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1000 வாட் எடுக்க, இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்து, 12 வோல்ட்டில் சுமார் 93 ஆம்பியர் ஓட வேண்டும். 36 வோல்ட்டில் 31 ஆம்பியர் போதும்.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 10 மீட்டர் தூரம், 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். போக வர 20 மீட்டர். 36 வோல்ட் அமைப்பில் கேபிளிலேயே தொலைவது சுமார் 0.7 வோல்ட், அதாவது 2 சதவீதத்துக்குள். அதே கேபிளில் 12 வோல்ட் அமைப்பு 2 வோல்ட்டை இழக்கும், 17 சதவீதம். இன்வெர்ட்டர் ‘பேட்டரி லோ’ என்று கத்தி நின்றுவிடும். பேட்டரியைப் பார்த்தால் நிறைந்திருக்கும்.

இன்னொன்று, இன்வெர்ட்டரை வண்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் டிசி (நேர் மின்னோட்டம்) கேபிள் குட்டையாக இருக்கட்டும், வீட்டுக்கு நீளமாகப் போவது ஏசி (மாறு மின்னோட்டம்) கேபிளாக இருக்கட்டும். பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் வைத்துவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் நேராக மேலே போகும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. ஷெட் கதவு திறந்திருக்கட்டும்.

வரப்போரம்:

இருவருக்கும் நன்றி. 12 வோல்ட் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். ஆறையும் இரண்டிரண்டாகப் பிரித்து, மூன்று 12 வோல்ட் ஜோடிகளாக இணையாகப் போட்டால்? அப்போது எல்லாமே சமமாகத்தானே இறங்கும்? கையிலுள்ள இன்வெர்ட்டரும் வீணாகாது.

ஈயத்தட்டு:

சமமாக இறங்கும், அந்தக் கணக்கு சரி. 12 வோல்ட்டில் 675 ஆம்பியர்-அவர் கிடைக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கனெக்டர் போட்டு, வண்டிக்குத் தொடர் இணைப்புக் கேபிள் ஒன்று, வீட்டுக்கு இணை இணைப்புக் கேபிள் ஒன்று என்று இரண்டு தொகுப்புகள் தயார் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செருக முடியும் என்பதால் தவறு நடக்க வழியில்லை.

ஆனால் ஸ்பேனரை வைத்துக்கொண்டு இருட்டில், மழையில், பேட்டரி முனைகளைக் கழற்றி மாற்றிப் பூட்டுவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். இந்த அளவு பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் அங்கேயே பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும், பேட்டரியே வெடிக்கவும் கூடும். கரண்ட் போன பிறகு செய்யும் வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் தவறாகாத வேலையாக இருக்க வேண்டும். அதனால்தான் நான் 36 வோல்ட் இன்வெர்ட்டர் பக்கம் நிற்கிறேன். ஒரு பிளக்கைச் செருகினால் முடிந்தது.

செம்புக்கம்பி:

பிளக் என்றதும் ஒரு தகவல். ஃபோர்க்லிஃப்ட்களில் வரும் ஆண்டர்சன் எஸ்பி (SB) வகைக் கனெக்டர்களுக்கு நிறக் கணக்கு உண்டு. மஞ்சள் 12, சிவப்பு 24, சாம்பல் 36, நீலம் 48 வோல்ட். ஒரு நிறத்தை வேறு நிறத்தோடு செருக முடியாதபடி உள்ளே தடுப்பு வைத்திருப்பார்கள். உங்கள் வண்டிக்குச் சாம்பல் நிறத்தை வாங்குங்கள். பின்னால் யாராவது 12 வோல்ட் சாமானைக் கொண்டுவந்து தெரியாமல் செருகிவிடக் கூடாது அல்லவா.

லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடுங்காதீர்கள். முதலில் இன்வெர்ட்டரை அணைக்க வேண்டும். ஏசியில் கரண்ட் நொடிக்குப் பல முறை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும், டிசியில் அது நடக்காது. அதே காரணத்தால் வீட்டு மின்பலகையில் ஏசி கரண்ட்டுக்காக இருக்கும் எம்சிபியை (தானாக விழும் சுவிட்சை) இங்கே போடக் கூடாது. டிசிக்கு என்று மதிப்பிட்ட ஃபியூஸ் வேண்டும், முடிந்தால் பெரிய ஷார்ட் கரண்ட்டையும் அறுக்கும் கிளாஸ் டி (Class T) வகை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் கேபிளுக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

பழையசக்கரம்:

இந்த எண்ணம் புதிதல்ல என்று சொல்லத்தான் வந்தேன். 1969-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் எலெக்-ட்ராக் என்ற தோட்ட டிராக்டரை வெளியிட்டது. அதன் பெரிய மாடல்களில் உங்களுடையதைப் போலவே 6 வோல்ட் பேட்டரிகள் ஆறு, 36 வோல்ட். வண்டியிலேயே 36 வோல்ட் சாக்கெட் வைத்து, அதில் செருகி ஓட்ட மின்ரம்பம் போன்ற கருவிகளையும் விற்றார்கள். இன்றும் அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டிராக்டரைச் சக்கரம் வைத்த பேட்டரியாகப் பார்க்கும் பார்வை அப்போதே இருந்திருக்கிறது. எனக்கு இதில் உள்ளபடியே மகிழ்ச்சி.

வரப்போரம்:

அருமையான தகவல். சரி, இப்போது பெரிய கேள்வி. எத்தனை நேரம் தாங்கும்? 36 × 225 என்று பெருக்கினால் 8.1 யூனிட் வருகிறது. அவ்வளவும் எனக்குக் கிடைக்குமா?

ஈயத்தட்டு:

கிடைக்காது. பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

225 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு, அதாவது 11 ஆம்பியர் சொச்சம். உங்கள் வண்டியில் அது 400 வாட் லோடு. அதைவிட வேகமாக எடுத்தால் மொத்தமே குறையும். குளிரிலும் குறையும், உறைநிலைக்கு அருகே ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். ஈய-அமில பேட்டரி நீடித்து உழைக்க, பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. ஆகவே 4 யூனிட்.

இப்போது செலவைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். 9 வாட் விளக்கு ஐந்து, ஆறு மணி நேரம், 0.27. ஃபேன் இரண்டும் 35 வாட், பத்து மணி நேரம், 0.7. ரௌட்டர் நாள் முழுக்க 0.29. சீபேப் 40 வாட், எட்டு மணி நேரம், 0.32. கூட்டினால் 2.78. இன்வெர்ட்டரின் நஷ்டத்தைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 3.1 யூனிட் போகும்.

பலர் இங்கே கணக்கை முடித்துவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் குடிக்கும். 30 வாட் என்றால் நாளைக்கு 0.72 யூனிட்! ஃப்ரிட்ஜ் குடிப்பதில் பாதிக்கும் மேல். அதையும் சேர்த்தால் 3.8. ஆக, பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு நாள், நூலிழையில். வாங்கும்போது ‘எத்தனை வாட் இன்வெர்ட்டர்’ என்று மட்டும் பார்க்காமல், சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்ற எண்ணையும் பாருங்கள். 3000 வாட் இன்வெர்ட்டரை வாங்கி 100 வாட் லோடு ஓட்டுவது பேட்டரிக்குச் செய்யும் அநியாயம்.

ப்யூர் சைன்வேவ், அதாவது தெரு கரண்ட்டைப் போலவே சீரான அலையைக் கொடுக்கும் இன்வெர்ட்டரைத்தான் வாங்க வேண்டும். படிப்படியான அலையைக் கொடுக்கும் மாடிஃபைட் சைன்வேவில் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் சூடாகும், சத்தம் போடும்.

சுடர்க்கொடி:

ஃப்ரிட்ஜை நாள் முழுக்க ஓட்டத்தான் வேண்டுமா? இரண்டு மணி நேரம் ஓட்டி நான்கு மணி நேரம் நிறுத்தினால்?

ஈயத்தட்டு:

நல்ல கேள்வி. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் சொல்கிறபடி செய்தால் கம்ப்ரசர் செலவில் பெரிய மிச்சம் இல்லை, வெளியேறிய குளிரை அது திரும்ப உண்டாக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இடைவெளிகளில் இன்வெர்ட்டரையே அணைத்துவிட முடியுமானால் 30 வாட் மிச்சம். ரௌட்டரையும் விளக்கையும் 36-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கும் டிசி கன்வெர்ட்டரில் ஓட்டிவிட்டால் பகலில் பாதி நேரம் இன்வெர்ட்டர் தேவைப்படாது. அந்தக் கன்வெர்ட்டர் ஆறு பேட்டரியிலிருந்தும் சேர்த்துத்தான் எடுக்கும், அதனால் நான் மேலே சொன்ன சிக்கல் இதில் இல்லை.

நீர்மட்டம்:

கிணற்று மோட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 1100 வாட் எடுக்கும். தொடங்கும் அந்தக் கணத்தில் ஐந்து ஆறு மடங்கு கேட்கும். பேட்டரிக்கு அது பெரிதில்லை, புல் வெட்டும்போதே வண்டி மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டர்தான் திணறும். மோட்டாரை மெதுவாகத் தொடங்க வைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்தால் கொஞ்சம் குறையும், சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

என் கருத்து, மோட்டாருக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். வானம் கறுக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் அதுவும் ஒரு சேமிப்புதான்.

எர்த்பின்:

நான் வயரிங் வேலை செய்கிறவன். இதுவரை எல்லோரும் பேட்டரிப் பக்கமே பேசிவிட்டீர்கள். வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோகப் போகிறீர்கள் வரப்போரம்?

வரப்போரம்:

ஷெட்டில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள கேபிள் ஒன்றைச் செய்து, இன்வெர்ட்டரிலிருந்து அந்த பாயின்ட்டில் செருகினால் வீடு முழுக்க வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். மெயினை அணைத்துவிட்டுச் செய்தால் போதுமாம்.

எர்த்பின்:

அதைச் செய்யாதீர்கள். எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

அந்தக் கேபிளின் ஒரு முனை இன்வெர்ட்டரில் இருக்கும்போது மறுமுனையின் பின்கள் வெறுமையாக, உயிரோடு இருக்கும். கை பட்டால் போயிற்று. அது முதல் ஆபத்து. இரண்டாவது, மெயினை அணைக்க ஒரு முறை, ஒரே ஒரு முறை மறந்தால் போதும். உங்கள் இன்வெர்ட்டரின் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கமும் வேலை செய்யும். வீட்டு வோல்ட்டேஜை அது பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் செத்துவிட்டது என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் கையில் அது இருக்கும். நம் வீட்டு விளக்கு எரிய வேண்டும் என்று வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர் அவர். அணைக்க மறக்கமாட்டேன் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். இருட்டு, அவசரம், வீட்டில் உடம்பு முடியாதவர் என்று எல்லாம் சேரும்போது யாரும் மறப்பார்கள்.

சரியான வழிகள் இரண்டு. எளியது, வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம். இன்வெர்ட்டரிலிருந்து தரமான எக்ஸ்டென்ஷன் கேபிள் இழுத்து ஃப்ரிட்ஜையும் மற்றதையும் நேராக அதில் செருகுங்கள். முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

இரண்டாவது, அவசரத்துக்கு வேண்டிய சர்க்யூட்டுகளை மட்டும் தனி போர்டுக்குப் பிரித்து, நடுவே ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் தெரு, மறு பக்கம் இன்வெர்ட்டர், நடுவில் இரண்டும் இல்லாத நிலை. இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாத இயந்திர அமைப்பு அது. ஃபேஸ் மட்டும் மாறினால் போதாது, நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும், டபுள் போல். தெருவிலிருந்து பிரிந்த பிறகு இன்வெர்ட்டர் பக்க நியூட்ரல் எர்த்தோடு ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில், சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எர்த் கசிவு ஏற்படும்போது கசிவைக் கண்டு கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழாது. இன்வெர்ட்டரின் வகையைப் பொறுத்து இது மாறும் என்பதால் உரிமம் உள்ள மின்பணியாளரை வைத்தே செய்யுங்கள்.

வரப்போரம்:

புரிந்தது, எர்த்பின் அண்ணா. அந்தக் கேபிள் வேண்டாம். எக்ஸ்டென்ஷனோடு தொடங்குகிறேன்.

செம்புக்கம்பி:

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வண்டியின் பேட்டரி நெகட்டிவ், சேசிஸோடு (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு) சேர்ந்திருக்கிறதா, தனியாக இருக்கிறதா? மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். உள்ளீடும் வெளியீடும் மின்முறையில் பிரிக்கப்படாத மலிவு இன்வெர்ட்டரைச் சேசிஸோடு சேர்ந்த பேட்டரியில் மாட்டினால், டிராக்டரின் இரும்பு உடம்பே வீட்டு வோல்ட்டேஜுக்குப் போகக்கூடும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

வெயில்வீடு:

எங்கள் கூரையில் சோலார் இருக்கிறது, தெரு கரண்ட்டோடு சேர்ந்து ஓடும் வகை. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடுகிறது. டிராக்டர் இன்வெர்ட்டர் கொடுக்கும் கரண்ட்டைப் பார்த்து அது விழித்துக்கொள்ளுமா? அப்படியானால் பகலில் வண்டியும் சார்ஜ் ஆகிவிடுமே.

ஈயத்தட்டு:

விழித்துக்கொண்டால்தான் ஆபத்து. தெரு லைன் செத்தால் சோலார் இன்வெர்ட்டர் தானாக நிற்பது, மேலே எர்த்பின் சொன்ன அந்த லைன்மேனுக்காகத்தான். உங்கள் டிராக்டர் இன்வெர்ட்டரை அது ‘தெரு’ என்று நம்பித் தொடங்கினால், வீடு எடுத்தது போக மிச்சக் கரண்ட் டிராக்டர் இன்வெர்ட்டருக்குள் பின்வழியாகப் பாயும். சாதாரண இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. இருபக்கமும் வேலை செய்யும், பேட்டரி நிறைந்ததும் அலைவெண்ணை உயர்த்திச் சோலாரை அடக்கும் இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, அவை வேறு ரகம்.

எளிய வழி, பேனலைத் தனியாக வைத்து எம்பிபிடி கண்ட்ரோலர் (பேனலிலிருந்து அதிகபட்சச் சக்தியை எடுத்துச் சார்ஜ் ஏற்றும் கருவி) வழியாக நேராகப் பேட்டரிக்கு ஏற்றுவது. சில கண்ட்ரோலர்களில் 36 வோல்ட்டை நாமே தேர்ந்தெடுத்து வைக்கலாம். சார்ஜ் ஏற 44 வோல்ட் வேண்டும் என்பதால் பேனல்களைத் தொடரில் போட்டு அதற்கு மேலே வோல்ட்டேஜ் வரச் செய்யுங்கள். 225 ஆம்பியர்-அவருக்கு 20 ஆம்பியர் சொச்சம் சார்ஜ் நல்லது, அதற்கு 1000 வாட் அளவு பேனல் தேவை.

சின்ன ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். ஜெனரேட்டரை இரவு முழுக்க 100 வாட்டுக்காக ஓட்டுவது எரிபொருளை வீணாக்குவது. பகலில் சில மணி நேரம் முழு லோடில் ஓட்டி டிராக்டரை ஏற்றிவிட்டு, இரவில் சத்தமில்லாமல் பேட்டரியில் இருக்கலாம்.

புதுச்சக்கரம்:

நான் வாங்கப் போவது லித்தியம் வண்டி, வயல் வேலைக்கான பெரிய டிராக்டர். சோனாலிகா டைகர் எலெக்ட்ரிக் போன்றவற்றில் 25.5 யூனிட் பேட்டரி வருகிறது. வரப்போரத்தின் கணக்குப்படி ஒரு வாரம் ஓட்டலாமே?

ஈயத்தட்டு:

அளவைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆமாம். லித்தியத்தில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம், வேகமாக எடுத்தாலும் பெரிதாகக் குறையாது. ஆனால் எப்படி எடுப்பது என்பதுதான் சிக்கல். அந்த பேட்டரிக்குக் காவலாக பிஎம்எஸ் என்ற மேலாண்மை மின்சுற்று உட்கார்ந்திருக்கும். வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி கேட்டால்தான் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை மூடிக் கரண்ட்டை வெளியே விடும். பெரிய வண்டிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி. அதைத் திறப்பதும் நடுவில் வயர் எடுப்பதும் உயிருக்கே ஆபத்து, உத்தரவாதமும் போகும்.

வாங்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: வண்டியிலிருந்து ஏசி கரண்ட் வெளியே எடுக்க சாக்கெட் இருக்கிறதா, எத்தனை வாட்? கார்களில் இது வந்து வெகுநாள் ஆகிறது. நிசான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் கருவி 2012-லேயே ஜப்பானில் வந்தது. இருவழி சார்ஜுக்கான ஐஎஸ்ஓ 15118-20 தரமும் 2022-ல் வெளியானது. டிராக்டருக்கும் இது பொதுவாக வர வேண்டும், வாங்குகிறவர்கள் கேட்டால்தான் வரும்.

பழையசக்கரம்:

ஈய பேட்டரியைத் தூக்கிவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். 3.2 வோல்ட் செல் பன்னிரண்டு சேர்த்தால் 38.4 வோல்ட், இந்த வண்டிகளுக்குப் பொருந்தும். பழைய ஈய சார்ஜரை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. பேட்டரி எடை போய்விடுவதால் சரிவில் வண்டியின் பிடிப்பும் குறையும், அந்த எடை இழுவைக்காகவும் இருந்தது.

நீர்மட்டம்:

சீபேப் விஷயத்தில் ஒரு வார்த்தை, வரப்போரம். அம்மாவின் கருவியை இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் நம்பி விடாதீர்கள். அதற்கென்று சின்ன பேட்டரி தனியாக வைத்திருங்கள். பல சீபேப் கருவிகள் 12 அல்லது 24 வோல்ட் டிசியில் நேராக ஓடும். ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் செலவு வெகுவாகக் குறையும், அணைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புயலுக்குப் பிறகு மரம் விழுந்தால் அப்புறப்படுத்தவும் இதே டிராக்டர்தானே வேண்டும்? அன்றைக்கு பேட்டரி காலியாக இருக்கக் கூடாது.

வரப்போரம்:

இது எனக்கு மிக முக்கியம், நன்றி. மருத்துவரிடம் பேசுகிறேன், கருவிக்குத் தனி பேட்டரியும் வாங்குகிறேன்.

இதுவரை முடிவானது: 36 வோல்ட், 1500 வாட் ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்தது. சாம்பல் நிறக் கனெக்டர், கிளாஸ் டி ஃபியூஸ். இப்போதைக்கு எக்ஸ்டென்ஷன் கேபிள், பிறகு சேஞ்ச் ஓவர் போர்டு. மோட்டார் கிடையாது.

பேட்டரிகள் புதியவை அல்ல. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஈயத்தட்டு:

முழுக்க ஏற்றி, சில மணி நேரம் ஓய விட்டு, ஹைட்ரோமீட்டரில் (அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். பேட்டரிக்கு மூன்று வீதம் பதினெட்டு செல்லும் 1.277 பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் கீழே இருந்தால் அந்த பேட்டரிதான் மொத்தத்தையும் தீர்மானிக்கும்.

அப்புறம் கரண்ட் இருக்கிற ஒரு நல்ல நாளில் ஒத்திகை பாருங்கள். இன்வெர்ட்டரில் 400 வாட் லோடு வைத்து, ஷன்ட் (கரண்ட்டை அளக்க உதவும் சின்ன மின்தடை) வைத்த பேட்டரி மீட்டரில் எத்தனை ஆம்பியர்-அவர் போகிறது என்று கவனியுங்கள். லோடோடு 35.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் நிறுத்துங்கள், ஏறத்தாழ பாதி அதுதான். 100 ஆம்பியர்-அவருக்கு மேல் வந்தால் நல்ல பேட்டரி. 60 வந்தால், உங்கள் ஒரு நாள் கணக்கு அரை நாளாகிவிடும். இன்வெர்ட்டரின் தானியங்கி நிறுத்தத்தை நம்பாதீர்கள். பல இன்வெர்ட்டர்களில் அது 31.5 வோல்ட்டில்தான் நிற்கும், அப்போது பேட்டரி முழுக்கவே காலி.

சுடர்க்கொடி:

கடைசியாக ஒன்று. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாதே, அதனால் வண்டியை எப்போதும் சார்ஜரிலேயே விட்டு வைக்கலாமா?

ஈயத்தட்டு:

சார்ஜரைப் பொறுத்தது. நிறைந்ததும் 40.5 வோல்ட் அளவுக்கு இறங்கித் தாங்கி நிற்கும் சார்ஜராக இருந்தால் விடலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை, தானாக இறங்காதது என்றால் கூடாது. தண்ணீர் கொதித்துத் தீர்ந்து தட்டுகள் வெளியே தெரிந்துவிடும். அதற்கு டைமர் வைத்து, வாரத்துக்கு ஒரு முறை ஓரிரு மணி நேரம் போட்டால் போதும். மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்து, தட்டுக்கு மேல் நீர் நிற்கிறதா என்று கவனியுங்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான், அதையும் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். முன்னால் நிறைத்தால் ஏறும்போது பொங்கி அமிலம் வெளியே வழியும்.